விதையில் வலி, படத்தில் வடை

பெரம்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 12 வயது மகனுக்கு நடு ராத்திரியில் விதையில் திடீர் வலி; டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்து உடனே ஆபரேஷன் செய்து சரியாகிவிட்டதாம். "முன்பெல்லாம் இதற்கு அணு ஸ்கேன் எடுப்பார்களாமே, அது எப்படி? நல்லா இருந்த மறுபக்கத்திலும் ஏன் தையல் போட்டார்கள்?"

விதை ஒரு கொடியில் தொங்குகிறது, ரத்தக் குழாய்கள் அதற்குள்தான் போகின்றன. கொடி முறுக்கிக்கொண்டால் தண்ணீர் லாரிக் குழாய் முறுக்கிய கதைதான். ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மெல்லிய சிரை முதலில் நசுங்கும், உள்ளே கொண்டுவரும் தமனி இன்னும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும், விதை வீங்கும், அப்புறம் தமனியும் அடைபடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கிருமித் தொற்றிலும் இதே வலி, இதே வீக்கம், ஆனால் அதற்கு மருந்து போதும்.

இரண்டில் எது என்று பார்க்க 1970களில் வந்தது அணு ஸ்கேன். கை நரம்பில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஊசி போட்டு, அதிலிருந்து வரும் காமா கதிரை கேமராவில் பிடிப்பார்கள். அதன் அரை ஆயுள் (பாதி கரைந்துபோகும் நேரம்) 6 மணி நேரம்தான், கடையில் வாங்கி வைக்க முடியாது. சிதைந்து டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம்-99 அடைத்த ஈயக் கவசப் பெட்டியில் உப்புநீரை ஓடவிட்டு, உள்ளே ஊறியிருக்கும் டெக்னீசியத்தைத் தினமும் மாட்டில் பால் கறப்பதுபோல் கறந்துகொள்வார்கள். ஊசி போட்ட முதல் நிமிஷம் சில விநாடிக்கு ஒரு படம், அப்புறம் நிதானமாக இன்னொன்று. ரத்தம் பாயும் இடம்தான் படத்தில் வெளிச்சமாகத் தெரியும்; தொற்று என்றால் அந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கும், முறுக்கு என்றால் இருட்டு.

எனக்குப் பிடித்த இடமே இனிமேல்தான். பல மணி நேரம் தாமதித்து வந்த பையனின் படத்தில் இருட்டைச் சுற்றி ஒரு பளிச் வளையம் தெரியும், அசல் மெதுவடை. விதைப்பைத் தோலுக்கு ரத்தம் வேறு தமனி வழியாக வருகிறது, கொடி முறுக்கினாலும் அது நிற்காது. உள்ளே திசு சாகச் சாக, சுற்றியுள்ள பகுதி அழற்சியில் இன்னும் அதிகமாக ரத்தத்தை இழுக்கிறது. வெளிச்சம் கூடக்கூட விதை கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். ஒரே படம் நோயையும் சொல்லி, தாமதத்தையும் காட்டிக்கொடுக்கிறது!

அந்தத் தாமதம் பெரும்பாலும் வீட்டில்தான் ஆகிறது. பையன் வெட்கத்தில் "அடிவயிறு வலி" என்பான், நாம் உடம்புச் சூடு என்று கால் கட்டைவிரலில் எண்ணெய் தடவிவிட்டு விடியட்டும் என்போம். எனக்கு இதில் கோபமே வரும்.

ராத்திரி 2 மணிக்கு மருந்து தயாரித்து ஊசி போடுவதைவிட டாப்ளர் கருவியைக் கட்டிலருகே உருட்டி வருவது சுலபம், கதிர்வீச்சும் இல்லை, அதனால் அணு ஸ்கேன் ஒதுங்கிவிட்டது. முறுக்குதான் என்று டாக்டருக்குச் சந்தேகமில்லை என்றால் எந்த ஸ்கேனும் எடுக்காமல் நேரே ஆபரேஷன்தான்.

மறுபக்கத் தையலா? விதை சரியாக ஒட்டாமல் மணியின் நாக்குபோல் தொங்கும் அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். அதனால்தான் அதையும் கட்டிவைத்துவிட்டார்கள்.