நிலை, தளம்பல், அப்புறம் இந்தச் 'சமநிலை'

"பயிற்சிச் சோர்வினால் இளம் டென்னிஸ் வீரர்களின் சமநிலை பாதிப்புறுகிறது." மட்டக்களப்பில் பயிற்றுநர்களுக்கென்று அச்சடித்த கைநூல் ஒன்றில் இப்படி ஒரு வரி. கூடைப்பந்துக்கும் உதைபந்துக்கும் வந்த தாள்களிலும் இதே வரிதான், விளையாட்டின் பெயர் மட்டும் வேறு. சொல்ல வந்தது என்னவோ சின்ன விஷயம்: பிள்ளை களைத்தால் கால் தளம்புகிறது.

இந்தச் 'சமநிலை' ஆங்கிலத்துப் பேலன்ஸின் மொழிபெயர்ப்பு. பேலன்ஸ் இலத்தீன் வழி வந்த சொல். 'பி' என்றால் இரண்டு, 'லாங்ஸ்' என்றால் தட்டு. இரட்டைத் தட்டுத் தராசு, அவ்வளவுதான். அதைப் பார்த்து நம்மவர்கள் 'சமம்' என்று பிடித்துக்கொண்டார்கள். தராசுக்குச் சரி. காலுக்கு?

சர்வ் போடும் பிள்ளையைக் கவனியுங்கள். வலக்கைக்காரன் பந்தை மேலே எறிந்து, எம்பி அடித்து, கோட்டுக்கு உள்ளே இடக்காலில் வந்து இறங்குகிறான். மற்றக் கால் பின்னால் அந்தரத்தில் நிற்கிறது. இதில் எது சமம்? ஆனாலும் விழவில்லையே! கண், உட்காது, கால் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள் எல்லாம் மூளைக்குச் சேதி சொல்கின்றன. உடம்பு சரியச் சரியத் திருத்திக்கொள்கிறது. வாவியில் தோணியில் நின்று வலை வீசுகிறவர் செய்வதும் இதுதான். தோணி தளம்பும், அவரும் கூடத் தளம்புவார், விழமாட்டார்.

தசை களைத்தால் அந்தச் சேதி மங்கும், திருத்தம் பிந்தும், தசையும் சொன்ன வேலையை முழுதாகச் செய்யாது. பாத அழுத்தத்தைப் பதியும் தட்டின்மேல் ஒற்றைக்காலில் நிற்கவைத்து ஆய்வாளர்கள் அளப்பது உடம்பின் ஆட்டத்தைத்தான். அந்த ஆட்டத்துக்குத் தளம்பல் என்று நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. விழாமல் நிற்கும் திறனுக்கு நிலை. 'நிலை தவறி விழுந்தான்' என்கிறோம். தண்ணீரில் இறங்குகிறவர் 'நிலைக்குமா?' என்று கேட்டால், கால் ஊன்ற முடியுமா என்றுதான் பொருள்.

நிலை பொதுச்சொல், துல்லியம் போதாது என்பார்கள். உடல்நிலை, காலநிலை, கதவுநிலை எல்லாம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குழப்பம் வருமென்றால் 'கால்நிலை' என்று எழுதுங்கள். சமநிலை மட்டும் என்ன துல்லியம்? நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் வெற்றி தோல்வியில்லாத ஆட்டம் 'சமநிலையில்' முடிகிறது. டென்னிஸில் 40-40 ஆனாலும் சமநிலை. அப்படியிருக்க, 'வீரரின் சமநிலை குலைந்தது' என்று படிக்கிற தகப்பன், மகன் புள்ளியை விட்டான் என்று நினைப்பாரா, கால் இடறினான் என்று நினைப்பாரா?

இத்தனைக்கும் இதே பேலன்ஸை இலங்கையில் வணிகக் கல்விக்குத் தமிழாக்கியவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் தெரியுமா? சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டுக்கு ஐந்தொகை, கணக்குகளின் மீதிகளைச் சரிபார்க்கும் ட்ரயல் பேலன்ஸுக்குப் பரீட்சை மீதி, வெளிநாடுகளோடு நாட்டுக்குள்ள வரவுசெலவைக் காட்டும் பேலன்ஸ் ஒஃப் பேமன்ட்ஸுக்குச் சென்மதி நிலுவை. மூன்று இடத்திலும் மூலத்தில் ஒரே சொல். எதற்கு வந்திருக்கிறது என்று பார்த்து, பொருளுக்குத் தக்கபடி வேறு வேறு சொல் தந்தார்கள். இப்போது மொழிபெயர்க்கிறவர்களுக்கு அகராதியின் முதல் வரி போதும். இரண்டாவது வரிக்குக் கண் போவதில்லை. கைபேசிச் செயலி வந்த பிறகு அந்த முதல் வரியையும் யாரும் பார்ப்பதில்லை. இன்னும் சிலர் தமிழ் என்றால் நீளமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். பாதிக்கும் என்று எழுதினால் போதாதா, 'பாதிப்புறுகிறது' எதற்கு?

அந்த வரியில் 'சோர்வு' வேறு இருக்கிறது. குறளில் 'சோர்விலாள்' என்று வரும் இடத்தில் சோர்வு என்றால் மறதி, கடமையில் வழுவுதல். இன்று மனச்சோர்வு என்பது ஒரு நோயின் பெயர். உழைத்த உடம்புக்கு வருவது களைப்பு. 'என்ன மனே, களைச்சுப் போனியா?' என்று கேட்கிற ஊரில் இதற்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. களைத்த பிள்ளைக்குத் தண்ணீரும் ஓய்வும் கொடுக்கவேண்டும் என்பது எவருக்கும் தெரியும். சோர்ந்துபோய் நிற்கிறான் என்று சொல்லிப் பாருங்கள், பயிற்றுநர் மைதானத்தை இன்னும் இரண்டு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்வார்.