பிரசங்க பீடமும் வாக்குச்சாவடியும்: எல்லைப்புற விசுவாசிகள் அறிய வேண்டிய சட்டம்

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் வழக்கறிஞர் தொழில் செய்பவர்களிடம் தேர்தல் நெருங்கும்போது வந்து சேரும் சந்தேகங்கள் தனி வகையானவை. "ஐயரு சொன்ன ஆளுக்கு ஓட்டு போடலேண்ணா மகளுக்க கல்யாண ஓலைய சபையில வாசிக்கமாட்டாவளாம், உள்ளதா சாரே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்ட ஒரு தாய்க்கு, அந்த மிரட்டலே குற்றம் என்பது தெரிந்திருக்கவில்லை. (ஐயரு என்றால் இங்கே சபைப் போதகர்; கல்யாண ஓலை என்பது திருமணத்துக்கு முன் சபையில் வாசிக்கப்படும் அறிவிப்பு.) அவரைப் போன்றோர் தமிழக எல்லையான களியக்காவிளைக்கு இப்புறமும் கேரளத்தின் பாறசாலைப் பக்கமும் நிறையப் பேர் இருப்பதால், சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவில், தேர்தல் முறைகேடுகள் எவை என்று வரையறுக்கிறது. வாக்காளரோ அவருக்கு வேண்டியவர்களோ தெய்வ கோபத்துக்கோ ஆன்மிகக் கண்டனத்துக்கோ ஆளாவார்கள் என்று நம்பவைப்பதும், ஊர்விலக்கு, சபைவிலக்கு என்று அச்சுறுத்துவதும் அங்கே 'தகாத செல்வாக்கு' என்ற தலைப்பில் வருகின்றன. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, வேட்பாளர் அல்லது தேர்தல் முகவரின் இசைவுடன் பிறரோ இதைச் செய்தது நிரூபிக்கப்பட்டால், வென்றவரின் தேர்தலே செல்லாமல் போகும். வேட்பாளருக்குத் தெரியாமல் போதகர் தாமாகவே செய்திருந்தால், தேர்தலை எதிர்த்து நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனு நிற்காது. ஆயினும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171, 174 ஆகிய பிரிவுகளின்படி அது ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகவே இருக்கும். கல்யாண ஓலை, திருவிருந்து, கல்லறைத் தோட்டத்தில் இடம் என எதைக் காட்டி மிரட்டினாலும் நிலைமை இதுதான்.

அப்படியானால் ஆயரோ போதகரோ அரசியல் பற்றி வாயே திறக்கக் கூடாதா என்று சபைக் கமிட்டிக்காரர்கள் கேட்பதுண்டு. இதற்கான விடையை உச்ச நீதிமன்றம் 1959ஆம் ஆண்டிலேயே, ராம் தயாள் எதிர் சந்த் லால் வழக்கில், சொல்லிவிட்டது. பஞ்சாபின் நாம்தாரி சீக்கியர்களுடைய குரு தம் அடியார்களுக்கு ஒரு வேட்பாளரை ஆதரிக்குமாறு ஆணை விடுத்த வழக்கு அது. வேட்பாளர்களின் தகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை மதத் தலைவருக்கும் உண்டு. ஆனால், மீறினால் ஆன்மிகத் தண்டனை வரும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தி, வேறு வழியே இல்லாத நிலைக்கு அடியார்களைத் தள்ளும்போது அது தகாத செல்வாக்காகிறது என்று நீதிமன்றம் கோடு கிழித்தது. மீனவர் வாழ்வாதாரம் குறித்தோ, கல்விக் கொள்கை குறித்தோ, சிறுபான்மையினர் உரிமை குறித்தோ ஆயரின் சுற்றுமடல் பேசலாம். இன்ன சின்னத்துக்குப் போடாதவன் விசுவாசியே அல்லன் என்று மறையுரையில் சொல்ல முடியாது. கத்தோலிக்கக் குருக்களுக்கோ அவர்களுடைய திருச்சபைச் சட்டமே, 287ஆம் விதியில், அரசியல் கட்சிகளில் முனைந்து ஈடுபடுவதற்குத் தடை விதித்து, மேலதிகாரம் அவசியமெனக் கருதும் சூழலை மட்டும் விலக்காக வைத்திருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளும் வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்கின்றன.

வேட்பாளரே மதத்தைக் கையில் எடுத்தால் என்னாகும் என்பதற்கு எல்லைக்கு அப்பாலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் மூவாற்றுப்புழா தொகுதியில் பி.சி. தாமஸ் 529 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். போப் இரண்டாம் ஜான் பால், அன்னை தெரசா ஆகியோரின் படங்களைப் பயன்படுத்திக் கத்தோலிக்கர்களிடம் மதத்தின் பேரால் வாக்குக் கேட்டார் என்ற வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2006இல் அந்தத் தேர்தலைச் செல்லாதென அறிவித்தது. உச்ச நீதிமன்றமும் 2009இல் அதை உறுதிசெய்தது. 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் மதத்தை மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் தவறுதான் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

சட்டம் இருக்கட்டும். கட்சி விசுவாசத்தையே மத விசுவாசமாக எண்ணும் பழக்கம்தான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது, அதன் பொருந்தாமை எங்கள் ஊரில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. 2021 ஏப்ரல் 6 அன்று தமிழகம், கேரளம் இரண்டிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இப்புறம் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒரே கூட்டணி; அப்புறம் நேர் எதிரணிகள். அண்ணன் இங்கே 'நம்ம கூட்டணி' என்று போட, பாறசாலையில் கட்டிக்கொடுத்த தங்கை அதே இரண்டில் ஒன்றைத் தோற்கடிக்கப் போட்டாள். இருவரும் வாசிப்பது ஒரே வேதாகமம். கேரளத்தில் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி மசோதாவை எதிர்த்துச் சபைத் தலைமைகள் முன்னின்ற 1959ஆம் ஆண்டின் விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) அப்புறத்துக் கட்சிப் பற்றை வடித்தது. இப்புறத்திலோ கிறிஸ்தவரான நேசமணியும் இந்துவான தாணுலிங்க நாடாரும் ஒரே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் நின்று, 1956 நவம்பர் 1 அன்று குமரியைத் தாய்த்தமிழகத்தோடு சேர்த்ததுதான் அரசியல் பாரம்பரியம். ஆக, எந்தக் கட்சி கிறிஸ்தவக் கட்சி என்பதை நாம் எந்த மண்ணில் பிறந்தோம் என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது. "பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்" என்னும் 146ஆம் சங்கீதம் தேர்தல் காலத்தில் பிரசங்கங்களில் அபூர்வமாகவே எடுக்கப்படுகிறது.

"யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்களே" என்ற பயம் முழுக்க ஆதாரமற்றதன்று. தனி ஆளின் வாக்கு ரகசியமானது. யாருக்கு வாக்களித்தாய் என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு. ஆனால் வாக்குச்சாவடிவாரியான எண்ணிக்கை, இறுதி முடிவுத்தாளான படிவம் 20இல் வெளியாகிறது. நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கடற்கரை ஊர்களைப் போல, ஒரே பங்கின், அதாவது ஒரே கோவிலைச் சேர்ந்த, மக்களே பெரும்பாலும் ஒரு சாவடியின் வாக்காளர்களாக இருக்கும் இடங்களில், ஊர் சொன்ன வழியில் போகவில்லை என்பது முடிவு வெளியானதும் தெரிந்துவிடும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு இசையவில்லை. எனவே ஊர்மேல் பழி விழலாம், ஆள்மேல் விழ வழியில்லை என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

மிரட்டல் நேர்ந்தால் சுற்றுமடலின் பிரதி, வாட்ஸப் குரல்பதிவு, எந்த ஆராதனையில் யார் முன்னிலையில் சொல்லப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை அன்றே பத்திரப்படுத்தி, தேர்தல் நடத்தும் அலுவலரிடமோ தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) செயலியிலோ புகார் செய்யுங்கள். தேர்தல் மனுவை அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். பிணைத்தொகை 2,000 ரூபாய், முறைகேட்டைக் குற்றஞ்சாட்டினால் படிவம் 25இல் பிரமாணப் பத்திரமும் வேண்டும். முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் வர வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடியட்டும், ஊர்த் திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போட்டு, கெடு தாண்டிய பின் கட்டுக்கட்டாய்க் காகிதங்களோடு வருபவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதைத் தவிர எந்த வழக்கறிஞருக்கும் வழியில்லை.