8 ஜிபி ரேமும் செல்ஃப் எடுக்காத ஸ்கார்ப்பியோவும்

பேட்டரி புதுசு மாற்றியாச்சு, ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தாச்சு, செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் போட்டாச்சு. அப்படியும் ஞாயிறு ராத்திரி நிறுத்திய வண்டி அடுத்த சனிக்கிழமை செல்ஃப் எடுக்கவில்லை. இந்தப் புகாரோடு போன வாரம் பட்டறைக்கு வந்தது 2012 மாடல் ஸ்கார்ப்பியோ. சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகப் பிழைக்கிற எனக்கு இது புதுக் கதை இல்லை. ஒரு நாள் இன்னோவா வரும், ஒரு நாள் சஃபாரி வரும். பானட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டேன்: "சார், ஸ்டீரியோ எப்போ மாத்துனீங்க?"

"தீபாவளிக்குத்தான் தம்பி. 9 இன்ச் டச் ஸ்கிரீன். 8 ஜிபி ரேம், 128 ஜிபி மெமரி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். கதவையெல்லாம் சாத்தி, வண்டி அடங்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டேன். (வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இப்படி மாட்டியிருக்கும்போது சாவி போட்டு செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.) நிறுத்தி வைத்த வண்டி 0.05 ஆம்பியருக்குள் இழுத்தால் நல்லது. இது 0.45 இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கிவிட்டது.

0.45 ஆம்பியர் சின்னதாகத்தான் தெரியும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் போட்டுப் பெருக்கினால் 10.8 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரிக் கொள்ளளவை அளக்கும் அலகு). அஞ்சு நாளில் 54. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 70 ஏஎச் என்றால், டீசல் இன்ஜினைச் சுற்ற என்ன மிஞ்சும்? பாவம், அந்த மனிதர் பேட்டரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, சாவி இல்லாமலும் கரண்ட் வரும் லைனில் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய வயர், நேரமும் செட்டிங்கும் அழியாமல் இருக்க. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. வண்டி நின்றுவிட்டது என்று ஸ்டீரியோவுக்குத் தெரிவதே சிவப்பில் கரண்ட் நிற்பதை வைத்துத்தான். இரண்டையும் சேர்த்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அது விழித்தே இருக்கும். பட்டனை அமுக்கினால் திரை இருட்டாகும், அவ்வளவுதான்.

மாட்டியவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். "சாவி இல்லாம பாட்டு கேக்கணும், அப்படி லைன் குடுங்க" என்று நின்று கேட்டு வாங்குகிற ஆட்கள் என் பட்டறைக்கும் வருகிறார்கள். மாட்டேன் என்றால் முகம் சுண்டிப்போகும். பக்கத்துக் கடைக்குப் போய்ச் செய்துகொண்டு, பேட்டரி இறங்கினதும் திரும்ப என்னிடமே வருவார்கள். சாவியை ஒரு நிலை திருப்பிவிட்டுப் பாட்டு கேட்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, அந்த 8 ஜிபி ரேமுக்கு வருவோம். எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இதுதான். பழைய எஸ்யூவிக்கு டச் ஸ்டீரியோ வாங்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி ரேம்ணே?" மொபைல் வாங்கிப் பழகிய வாய். மொபைல் கம்பெனி ரேமைப் பற்றி அட்டையில் பொய் அடித்தால் நாலே நாளில் நாறிப்போகும். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை அப்படி யார் சோதிக்கிறார்கள்? 'அபௌட்' பக்கத்தில் வரும் எழுத்தை என்ன வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். 2 ஜிபி இருக்கும் பெட்டி 8 என்று காட்டும். ஆண்ட்ராய்டு 8.1 ஓடும் பெட்டி 13 என்று காட்டும். ஏசி8227எல் என்றொரு சிப்பு விலை குறைந்த பெட்டிகளில் நிறைய வருகிறது. அதற்குள் இருப்பது நாலு கார்டெக்ஸ் ஏ7 கோர்கள் (கோர் என்றால் சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), 2011-ல் அறிவித்த டிசைன். அதன் தலையில் எத்தனை ஜிபி ரேமைக் கட்டினாலும் மேப்பைத் திறக்கும்போது திணறத்தான் செய்யும். மூன்று சிலிண்டர் இன்ஜின் வைத்த வண்டிக்கு நூறு லிட்டர் டேங்க் மாட்டிவிட்டு ஸ்பீடு வரும் என்று நினைப்பது போலத்தான் இது.

ஆகவே கேட்க வேண்டியது "என்ன சிப்பு?" என்று. கடைக்காரர் "ஆக்டா கோர் சார்" என்பார். அந்தப் பதில் போதாது, பெயரைக் கேளுங்கள். யுனிசாக் 7862 என்பது இந்த வகையில் பலரும் நம்பி வாங்குகிற சிப்பு. இரண்டு ஏ75 கோரும் ஆறு ஏ55 கோரும் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் கடையில் வைத்தே சிபியு-இசட் மாதிரி ஒரு ஆப்பைப் போட்டு எந்தக் கோர் என்று பாருங்கள். அட்டையில் 7862, உள்ளே ஏ7 என்று வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். "இதெல்லாம் எங்களுக்குப் பார்க்கத் தெரியாது" என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பவரை முழுசாகக் கட் பண்ணி மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். ஹோம் ஸ்கிரீன் வர எவ்வளவு நேரம் ஆகிறது, அது வருவதற்குள் ரிவர்ஸ் கேமரா படம் வருகிறதா என்று பாருங்கள். கேரேஜிலிருந்து பின்னால் எடுக்கிறவனுக்குப் படம் உடனே வர வேண்டும். அரை நிமிஷம் கழித்து வருகிற படத்தை வைத்து என்ன செய்வது?

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு. முதலாவது தானே ஒரு டேப்லெட் மாதிரி. ஆப் எல்லாம் அதற்குள் இருக்கும், நெட்டுக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட் வேண்டும். இரண்டாவதில் வேலையெல்லாம் உங்கள் போன்தான் செய்யும், ஸ்டீரியோ வெறும் திரை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கார்ப்ளே. உங்களுக்கு வேண்டியது மேப், போன் பேசுவது, பாட்டு, ரிவர்ஸ் கேமரா, இந்த நாலுதான் என்றால், இரண்டாவது வகையில் பெயர் தெரிந்த கம்பெனியின் 7 இன்ச் பெட்டி தாராளமாகப் போதும். அதில் ரேம் எவ்வளவு என்று யாரும் அட்டையில் எழுதுவதுகூட இல்லை, தேவையும் இல்லை. போன் பழசானால் புதுப் போன் வாங்குவீர்கள், மேப்பும் அதோடு புதுசாகும். நம் ஆட்கள் 9 இன்ச்சைப் பார்த்துவிட்டு 7 இன்ச்சைக் கையால் தொடுவதில்லை. பெரிய திரையை மாட்டி ஏசி வென்ட்டில் பாதியை அடைத்துவிட்டு, ஹசார்டு சுவிட்சைத் தேடித் தேடி அமுக்குகிறார்கள்.

திரையைப் பற்றி ஒரே வார்த்தை: ஏசி ஷோரூமுக்குள் வைத்துப் பார்க்காதீர்கள். வெளியே நிற்கும் உங்கள் வண்டியில், மதியம், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் 60 வாட்ஸ் நாலு என்று போட்டிருக்கிறார்களே, அதையும் நம்பாதீர்கள். தனி ஆம்ப் இல்லாமல், 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான சத்தமாகக் கொடுக்க முடிந்தது கணக்குப்படியே ஒரு சேனலுக்கு 26 வாட்ஸுக்கு மேல் இல்லை. நடைமுறையில் இன்னும் குறையும். எல்லா நல்ல கம்பெனிப் பெட்டியும் அந்த எல்லைக்குள்தான். சத்தம் பத்தவில்லை என்றால் பத்து வருஷம் வெயிலில் காய்ந்த கதவு ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

இனி வயர். பழைய வண்டியில் பாதி வேலை இங்கேதான். கம்பெனி வயரிங்கில் ஸ்டீரியோவுக்குப் பின்னால் ஒரு கப்ளர், அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளக், இருக்கும். அந்த கப்ளருக்குப் பொருந்தும் இன்னொரு கப்ளர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சொருகினால் போதும், கம்பெனி வயரில் கத்தி படவே வேண்டாம். இருபதாயிரத்துக்குப் பெட்டி வாங்குகிற மனிதர் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கிறார். கப்ளரை வெட்டி எறிந்து, வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் தானாகப் பிரியும். கழற்றும்போது என் விரலெல்லாம் அந்தக் கறுப்புப் பிசின்தான். பிரிந்த மஞ்சள் வயர் டேஷ்போர்டுக்குள் இரும்பில் உரசினால் ஃப்யூஸ் போக வேண்டும். போகும், ஃப்யூஸ் இருந்தால். 10 ஆம்பியர் போன இடத்தில் 30 போட்டவர்களையும், சிகரெட் அட்டையின் வெள்ளிக் காகிதம் சுற்றியவர்களையும் பார்த்தாயிற்று. அப்போது ஃப்யூஸுக்குப் பதிலாக எரிவது வயர், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், அதற்கடுத்து வண்டி.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். எர்த்தை ஏதோ ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட் திருகில் கொடுக்காமல், பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பிலோ கம்பெனி எர்த்திலோ கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குள் 'ஙீ' என்று சேர்ந்து வரும். ஸ்பீக்கர் நெகட்டிவை எர்த்தோடு சேர்க்கவே கூடாது. பழைய கேசட் பிளேயர் காலத்தில் அப்படிச் சேர்த்துப் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. இன்றைய பெட்டியில் அப்படிச் செய்தால் ஆம்ப் ஐசி போய்விடும். நீல வயரை விட்டுவிட்டால் கூரை ஆன்டெனாவின் பூஸ்டருக்குக் கரண்ட் போகாது, எஃப்எம் கரகரக்கும். ஆரஞ்சு வயரை விட்டுவிட்டால் ராத்திரி ஹெட்லைட் போட்டாலும் திரை மங்காது. ஏற்காடு மலைப்பாதையில் ராத்திரி இறங்கும்போது அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும், கொண்டை ஊசி வளைவின் ஓரம் தெரியாது.

மஞ்சள் உறை போட்ட கப்ளரோ வயரோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும், டெஸ்ட் லேம்ப் வைத்துக் குத்தக் கூடாது. பெரும்பாலும் அது ஏர்பேக் லைன். வேலை தொடங்கும் முன்பே பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லண்ணே" என்கிற பையனிடம் வண்டியை விடாதீர்கள்.

ஸ்டியரிங்கில் பட்டன் இருக்கிற வண்டிக்காரர்கள் வாங்குவதற்கு முன்பே வண்டியின் வருஷம், வேரியன்ட் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ், இரண்டு வயரில் முடிந்துவிடும், எந்தப் பெட்டியும் கற்றுக்கொள்ளும். கேன் லைன் (பட்டன் சிக்னல் எல்லாம் டிஜிட்டலாகப் போகும் லைன்) இருக்கும் வண்டிக்கு, அதைப் பெட்டிக்குப் புரிய வைக்கத் தனி டீகோடர் வேண்டும். டாப் வேரியன்ட் சிலவற்றில் கம்பெனித் திரையில்தான் டயர் பிரஷர், கடிகாரம், வண்டி செட்டிங் எல்லாம் வரும். எக்கோஸ்போர்ட்டின் முதல் மாடல்களில் மேலே சின்னத் திரை தனி, கீழே பட்டன் தனி. புது ஃப்ரேம் மாட்டும்போது இரண்டும் போய்விடும். எது போகும், எது இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தால் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போதும் வீடியோ ஓட, ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதாகப் பெட்டி நம்பும்படி ஹேண்ட்பிரேக் வயரை எர்த் பண்ணிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் நான் செய்ய மாட்டேன். பின் சீட்டுக் குழந்தைக்கு என்பார்கள். குழந்தைக்கு என்றால் பின்னால் தனித் திரை மாட்டலாம்.

மாட்டி முடித்ததும் காசு கொடுக்கும் முன் பத்து நிமிஷம் நில்லுங்கள். நாலு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடுகிறதா, ரிவர்ஸ் போட்டால் கேமரா வருகிறதா, ஹார்ன், ஹசார்டு, ஏசி எல்லாம் முன்பு போல வேலை செய்கிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்தால் திரை அணைகிறதா என்றும் பாருங்கள். மீட்டர் இருக்கும் கடையாக இருந்தால் நிறுத்திய வண்டி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். செட்டிங்கில் 'ஸ்லீப்' நேரம் என்று இருக்கும், சாவியை எடுத்த பிறகு பெட்டி முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் அதைக் குறைத்து வையுங்கள். மறுநாள் காலை பெட்டி எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவாயில்லை. அடுத்த இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் ஆக்சசரீஸ் கட்டத்தில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். "இது எதுக்கு சார், ஐநூறு குறைச்சுக்குறேன்" என்பார்கள். அதை, அதன் ஃப்ரேம், திருகோடு சேர்த்துத் துணியில் சுற்றிப் பரணில் போடுங்கள். கம்பெனி கப்ளரை வெட்டாமல் விட்டிருந்தால் புதுப் பெட்டி மக்கர் பண்ணும் அன்றைக்கு அரை மணி நேரத்தில் பழையதை மாட்டி உங்களை அனுப்பிவிடுவேன். வெட்டியிருந்தால் வண்டியைக் காலையிலேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள், சாயங்காலம் ஆகும்.