‘கற்குடிசை’ எந்த ஊரில் இருக்கிறது?

வேல்ஸ் நாட்டுப் பழைய வீடுகளைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘கற்குடிசை’. போன வாரம் கண்ணில் பட்டது நான்காவது. கல்லால் சுவர் எழுப்பி, மேலே சிலேட்டுக்கல் வேய்ந்த வீடு எந்த ஊரில் ஐயா குடிசை?

ஆங்கில மூலச்சொல் காட்டேஜ். சிறுவீட்டைக் குறித்த ‘காட்’ என்ற சொல்லின் வழி வந்தது. வேல்ஸ் மொழியில் ‘புத்தின்’. ‘பூத்’தோடு சிறுமை காட்டும் ‘இன்’ விகுதி சேர்ந்தது. அந்தப் ‘பூத்’ ஆங்கிலத்திலிருந்து போனது. நம் பால் பூத்தும் அதே சொல்தான். சொல் வரலாறு இவ்வளவே.

“கல்லுடைக்கும் ஏழைகள் குடியிருந்ததுதானே, குடிசை என்றால் என்ன?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இங்கேதான் சறுக்கல். காட்டேஜ் கூரையைச் சொல்லும் சொல் அல்ல. அளவையும் உடைமையையும் சொல்வது. நான்கு ஏக்கர் நிலம் ஒதுக்காமல் புதிதாகக் காட்டேஜ் கட்டக்கூடாது என்று 1589இல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். எதைக் கொண்டு கட்டுவது என்ற கவலை அதில் இல்லை. தமிழில் குடிசை என்றதும் ஓலையும் கீற்றும் கண்முன் வரும். ஏழை ஓட்டு வீட்டில் இருந்தால் அதை யாரும் குடிசை என்பதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் ‘குடில்’ என்கிறார்கள். தூய சொல், மறுப்பில்லை. ஆனால் குடிலும் தழை வேய்ந்ததுதான். முனிவருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, இப்போது ஏசி போட்ட விடுதி அறைக்கும் ஒன்று. இன்னும் எத்தனை பாரத்தை அதன் தலையில் ஏற்றுவது? ‘சிற்றில்’ எனக்கும் ஆசைதான். சங்கப் புலவர் காவற்பெண்டின் புறநானூற்றுப் பாட்டில் நல்ல தூண் வைத்த வீடாகவே நிற்கிறது. ஆனால் பிள்ளைத்தமிழ் படித்தவருக்கு அது சிறுமியர் கட்டும் மணல்வீடு.

‘சிறு கல்வீடு’ போதும். யாழ்ப்பாணத்தில் கல்வீடு அன்றாடப் பேச்சு. ‘சிறு’ என்பது அந்த ‘இன்’ விகுதிக்கு நேர்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், வீட்டைப் பார்ப்பதில்லை. ‘குரோக்லாஃப்ட்’ என்ற வேல்ஸ் சொல்லைத் ‘தொங்குமாடி’ ஆக்கியிருக்கிறார் ஒருவர். அறையின் ஒரு பாதிக்கு மேல் பலகை அடித்து, ஏணி வைத்து ஏறிப் படுத்துக்கொள்ளும் இடம் அது. பரண் என்றால் பாட்டிக்கும் புரியுமே!

வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் அருகே செயிண்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் லைன்வாடின் என்ற வீடு இருக்கிறது. 1762இல் ரோஸ்ட்ரிவான் என்ற ஊரில் மலைப்பாறைகளை அடுக்கிக் கட்டியது. பிரித்தெடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அது சிறு கல்வீடு. அதே வளாகத்தில் நாண்ட் வால்டர் என்று ஏறக்குறைய 1770ஆம் ஆண்டு வீடு ஒன்றும் உண்டு. மண்சுவர், வைக்கோல் கூரை. அதைக் குடிசை என்று தாராளமாக எழுதுங்கள்.