ப்ரீவீலா கேசட்டா? பேரிங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கியர் சைக்கிளுக்குப் பின் சக்கரம் புதிதாகக் கட்ட வேண்டும் என்று போனால், சக்கரத்தின் நடுவில் கம்பிகள் மாட்டும் ஹப் ப்ரீவீல் வகையா கேசட் வகையா என்ற கேள்வி வந்துவிடும். பலர் விலையைக் கேட்டு முடிவு செய்கிறார்கள், மற்றவர்கள் "கேசட்தான் புதுசு, அதுதான் நல்லது" என்று யாரோ சொன்னதை நம்பி முடிவு செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுக்கி வைத்த பல்சக்கரங்கள், பெடலை நிறுத்தினால் டிக் டிக் சத்தம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வலது பக்கத்துப் பேரிங் உட்காரும் இடம் வேறு. மற்ற நல்லது கெட்டது பாதிக்கு மேல் அந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த டிக் டிக். பெடல் போடும்போது சக்கரத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும், நிறுத்தினால் சக்கரத்தைத் தன் பாட்டுக்கு ஓட விட வேண்டும். இதற்காக ஒரு வளையத்தின் உள்பக்கம் ஒரு திசையில் சாய்ந்த பற்களும், அவற்றின் மேல் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு நாக்குகளும் இருக்கும். ஒரு திசையில் நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும், எதிர்த் திசையில் வழுக்கிப் போகும். வழுக்கும்போது வருவதுதான் சத்தம். வளையத்தில் 18 பல் இருந்தால், நாக்கு மாட்ட அதிகபட்சம் 20 டிகிரி திரும்ப வேண்டும், 36 இருந்தால் 10 டிகிரி. சத்தம் பெரிதாகக் கேட்டால் ஹப் ஒசத்தி என்று பையன்கள் நினைக்கிறார்கள். கிரீஸ் வற்றிப்போன ஹப்பும் பெரிதாகத்தான் சத்தம் போடும்.

ப்ரீவீல் முறையில் இந்த நாக்கு, பல், அதன் சின்னக் குண்டுகள் எல்லாம் பல்சக்கர அடுக்கின் உள்ளேயே இருக்கும். ஹப்பின் வலது பக்கம் வெறும் மரைதான். அதில் அந்த மொத்த உருப்படியையும் திருகி மாட்ட வேண்டியதுதான். மரையின் அளவு 1.375 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கியரில்லாத சைக்கிளிலும் இதே முறைதான், பல்சக்கரம் ஒன்றுதான் என்பது மட்டும் வித்தியாசம். அதனால்தான் ப்ரீவீல் என்றால் குலசேகரத்திலும் குளச்சலிலும் எந்தச் சின்னக் கடையிலும் கை வைக்கத் தயங்க மாட்டார்கள்.

கேசட் முறையில் நாக்கும் பல்லும் ஹப்பின் சொத்து. ஹப்பின் வலது பக்கம் ஒரு உருளை நீட்டிக்கொண்டிருக்கும், ப்ரீஹப் என்பார்கள். அதன் மேல் நீள வாக்கில் தவாளிப்புகள் வெட்டியிருக்கும். பல்சக்கரங்களை அதில் செருகி, கடைசியில் ஒரு லாக் ரிங்கைத் திருகி நிறுத்திவிடுவார்கள். இந்த யோசனை இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் பேலிஸ் வைலி கம்பெனி 1930-களிலேயே இப்படி ஒரு ஹப் செய்து பார்த்தது. ஆனால் ஊரெல்லாம் பரவும்படி செய்தது ஜப்பானின் ஷிமானோ, 1978-ல்.

சரி, பேரிங்குக்கு வருவோம். ஹப்பின் அச்சு, அதாவது ஆக்சில், இரண்டு முனையிலும் பிரேமின் காடியில் உட்கார்ந்திருக்கிறது. நம் எடை பிரேம் வழியாக அந்த முனைகளில் இறங்குகிறது. சக்கரம் அச்சைத் தாங்குவது பேரிங் இருக்கும் இடத்தில். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட தென்னந்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டி நின்றால் தடி அசையாது, நடுவே போகப் போக வளையும். ப்ரீவீல் ஹப்பில் வலது பேரிங் நடுவே போய் நிற்கிற ஆள். ஏனென்றால் ஹப் உடம்பு முடிகிற இடத்தோடு பேரிங்கும் முடிந்துவிடுகிறது, அதற்கு வெளியே 7 கியர் என்றால் 3 சென்டிமீட்டருக்கு மேல் பல்சக்கர அடுக்கு, அப்புறம்தான் பிரேம். அவ்வளவு நீளத்துக்கு 10 மி.மீ. கம்பி ஒன்று தாங்க ஆளில்லாமல் நீண்டிருக்கிறது. கேசட் ஹப்பில், ஷிமானோ பாணியில், வலது பேரிங் ப்ரீஹப் உருளையின் வெளி முனைக்கே போய்விடும், பிரேமுக்கு மிகப் பக்கத்தில். அச்சை வளைக்கும் விசை, பேரிங்குக்கும் காடிக்கும் உள்ள தூரத்துக்கு ஏற்றபடிதான் கூடும். தூரம் மூன்றில் ஒன்றானால் வளைக்கும் விசையும் மூன்றில் ஒன்று.

இதில் நம் உடல் எடையும் பள்ளத்தில் விழும் அடியும் மட்டும் இல்லை, செயினின் இழுப்பும் உண்டு. பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏற்றத்தில் ஒரே பெடலில் எழுந்து நிற்கிறார் என்று வையுங்கள். கிராங்க், அதாவது பெடல் மாட்டிய கை, நீளம் 170 மி.மீ., ஆக நடு அச்சில் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர். முன் பல்சக்கரத்தில் 28 பல் போட்டிருந்தால் அதன் ஆரம் 56 மி.மீ. சொச்சம்தான், அதனால் செயினில் வரும் இழுவிசை 180 கிலோ எடைக்குச் சமம். ஆளின் எடையைப் போல் மூன்று மடங்கு! இதன் பெரும்பகுதி வலது பக்கத்து அச்சு முனையில்தான் விழும், அதாவது ப்ரீவீல் ஹப்பில் ஏற்கெனவே தாங்க ஆளில்லாத அதே முனையில். சைக்கிள் கடைகளில் வளைந்த பின் ஆக்சிலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வலது பக்கம் கோன் (பேரிங் குண்டுகளைப் பிடிக்கும் கூம்பு நட்) இருந்த இடத்தை ஒட்டித்தான் வளைந்திருக்கும். வளைந்த அச்சில் கோன் நேராக உட்காராது, குண்டு ஒரு பக்கமாகத் தேயும், எத்தனை தடவை கிரீஸ் வைத்து இறுக்கினாலும் ஒன்று ஆடும், இல்லையென்றால் இறுகும்.

5 கியர், 6 கியர் காலத்தில் அடுக்கு ஒல்லியாக இருந்தது, அதனால் ஆக்சில் தாக்குப்பிடித்தது. 7, 8 என்று அடுக்கு தடிக்கத் தடிக்க வெளியே நீளும் கம்பியும் நீண்டது. 8 கியர் ப்ரீவீல் விற்கத்தான் செய்கிறார்கள், எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது.

எல்லாக் கேசட் ஹப்பிலும் வலது பேரிங் வெளி முனையில்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சீல்டு பேரிங் போட்ட பல ஹப்புகளில் ஹப் உடம்பின் பேரிங் உள்ளேயே இருக்கும். ஆனால் அங்கே அச்சு 10 மி.மீ. கம்பியாக இருக்காது, 15 அல்லது 17 மி.மீ. குழாயாக இருக்கும், ப்ரீஹப்புக்கும் தனியாக உள்ளே பேரிங் இருக்கும். விட்டம் கொஞ்சம் கூடினாலே வளையாத தன்மை பல மடங்கு கூடும் என்பதால் அது ஓடுகிறது.

இப்போது கழற்றுகிற விஷயம். நம்ம குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ப்ரீவீலின் மரை, பெடல் போடும் திசையிலேயே இறுகும். அதாவது நாம் ஒவ்வொரு மிதிக்கும் அதை முடுக்கிக்கொண்டே இருக்கிறோம். மேலே சொன்ன அதே 60 கிலோ ஆள், முன்னால் 28, பின்னால் 34 பல் போட்டு ஏறினால் ஹப்பில் வரும் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் 41 கிலோவைத் தொங்கவிட்டு முறுக்குவதற்குச் சமம். பேச்சிப்பாறைப் பக்கம் மேலே ஏறி இறங்குகிறவர் ஹப்பை எவ்வளவு முறுக்கியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேசட்டின் லாக் ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் போதும், பெடல் விசை முழுவதையும் தவாளிப்பு தாங்கிக்கொள்வதால் ஓட ஓட அது இறுகவும் செய்யாது.

இதோடு உப்பும் சேர வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, இரண்டு பருவத்திலும் மழை. ப்ரீவீல் எஃகு, ஹப் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி, கரைவது அலுமினியம். அது ஆக்சைடாக மாறும்போது பருமன் கூடி, மரையின் இடைவெளியை அடைத்து இறுக்கிவிடும். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடலோரச் சாலையில் தினமும் ஓடுகிற சைக்கிளில், மரையில் கிரீஸே வைக்காமல் மாட்டிய ப்ரீவீலை நாலைந்து வருடம் கழித்துக் கழற்றுவது பெரும்பாடு. வைஸில் ரிமூவரை, அதாவது கழற்றும் கருவியை, கடித்துவைத்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி இரண்டு ஆள் பிடித்துத் திருப்பினாலும் சில நேரம் நகராது. பழைய இரண்டு காடி ப்ரீவீல் என்றால் காடியே உடைந்துபோகும்.

ஏன் கழற்ற வேண்டும், தேயும்வரை அப்படியே ஓட்டலாமே என்று கேட்கலாம். ஸ்போக்ஸ் கம்பிக்காகத்தான். பின் சக்கரத்தில் வலது பக்கக் கம்பிகள் இடது பக்கத்தைவிட அதிகம் முறுக்கேறி இருக்கும், பல்சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக ரிம் வலது பக்கம் ஒதுங்கி நிற்பதால். இது இரண்டு வகை ஹப்புக்கும் பொது. ஆகவே அடிக்கடி அறுவது வலது பக்கக் கம்பி, அதுவும் ஹப் ஓட்டையில் வளையும் இடத்தில். அந்த ஓட்டைகள் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அடுக்கைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழைக்க முடியாது. நாற்பது ரூபாய்கூடப் பெறாத ஒரு கம்பிக்காகச் சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. எனவே ப்ரீவீல் போட்டாலும் சரி, மாட்டும்போது மரையில் கிரீஸை வாரிப் பூசச் சொல்லுங்கள், வருடம் ஒரு தடவையாவது கழற்றி மறுபடி பூசி மாட்டச் சொல்லுங்கள்.

கேசட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மிதிக்கும் விசையில் அலுமினிய ப்ரீஹப் உடம்பில் தனித்தனிப் பல்சக்கரங்கள் தவாளிப்பைக் கடித்து இறங்கிவிடும், அப்புறம் கழற்றும்போது ஒவ்வொன்றாகத் தட்டித்தான் எடுக்க வேண்டும். எடை கொஞ்சம் கூடினாலும் எஃகு ப்ரீஹப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்று, ப்ரீவீலில் பல் தேய்ந்து மாற்றும்போது நாக்கும் குண்டும் சேர்ந்தே புதிதாகிவிடும். கேசட்டில் பல் மட்டும்தான் புதிது, உள்ளே இருக்கும் நாக்கு பழையது. ஷிமானோ வகை என்றால் 10 மி.மீ. ஆலன் சாவியால் ப்ரீஹப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். பெயர் தெரியாத கம்பெனி ஹப் என்றால் அந்த உதிரியை நாகர்கோவிலில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கியர் அளவிலும் வித்தியாசம் உண்டு. ப்ரீவீலின் உள்ளே மரையும் நாக்கும் இடம் பிடிப்பதால் சின்னச் சக்கரத்தை ரொம்பச் சிறிதாக்க முடியாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 14 பல்லில் தொடங்கும், கேசட்டில் 11 சாதாரணம். முன்னால் 42 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 80 மிதி என்றால் 14 பல்லில் மணிக்கு 30 கிலோமீட்டர், 11 பல்லில் 38. ஆடி மாதம் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் காற்று முதுகில் அடித்துத் தள்ளும், அந்த 11 பல் அங்கே உபயோகப்படும். திரும்பி வரும்போது எந்தச் சின்னச் சக்கரமும் உதவாது, 28-ம் 34-ம்தான். அந்தப் பெரிய சக்கரங்கள் இரண்டு முறையிலும் கிடைக்கும்.

என் கணக்கு இது. அகஸ்தீஸ்வரம், தோவாளை மாதிரி சமதளத்தில் பள்ளிக்கோ கடைக்கோ ஓட்டும் 6, 7 கியர் சைக்கிள், ஏற்கெனவே ப்ரீவீல் ஹப் நன்றாக ஓடுகிறது என்றால் அதை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். மார்த்தாண்டம், அருமனை, கடையாலுமூடு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ரோட்டில் ஓட்டுகிறவர், பின்னால் மரச்சீனி மூட்டையோ ரப்பர் ஷீட்டோ ஏற்றுகிறவர், 80 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர், காஷ்மீர்வரை போக ஆசைப்படுகிறவர், இவர்கள் புதிதாகக் கட்டும்போது கேசட் ஹப்பே கட்டட்டும். ரிம்மும் கம்பியும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஹப்பில் மட்டும் வரும் கூடுதல் காசை ஒரு ஆக்சில் மிச்சப்படுத்தினாலே பாதி தேறிவிடும்.

வாங்கும் முன் பிரேமின் இரண்டு காடிகளுக்கு நடுவே அளந்துகொள்ளுங்கள். கேசட் ஹப் ரோடு சைக்கிளுக்கு 130 மி.மீ., மலைச் சைக்கிள் வகைக்கு 135 மி.மீ. பழைய 6 கியர் ரோடு பிரேம் 126 இருக்கும். எஃகு பிரேமை அந்த நாலு மி.மீ. விரிக்கலாம், அலுமினியத்தை விரிக்கவே கூடாது. 7 கியர் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) ஏற்கெனவே இருந்தால் 7 கியர் கேசட்டுடன் அப்படியே வேலை செய்யும். 8 கியருக்கான ப்ரீஹப்பில் 7 கியர் கேசட் மாட்ட, பின்னால் 4.5 மி.மீ. ஸ்பேசர் வளையம் ஒன்று போட வேண்டும். இப்போது இருப்பது எது என்று தெரியவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி, நடுவில் கருவி மாட்டும் வளையத்தைக் கவனியுங்கள். பல்லோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட், பல் மட்டும் சுற்றி அது நின்றால் ப்ரீவீல். இரண்டுக்கும் கழற்றும் கருவி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டு முறுக்கினால் பல் மழுங்கிவிடும், பார்த்து வாங்குங்கள்.