தொழிற்சாலைக்கே வரும் சர்க்கரைப் பரிசோதனை: யாருக்குக் கிடைக்கும், அதற்கப்புறம் என்ன கேட்கலாம்?

வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது முதல் ஷிஃப்டுக்குப் போனவர் வீட்டில் இருக்க மாட்டார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். இப்படி விடுபட்டுப்போகிறவர்களை வேலை செய்யும் இடத்திலேயே பார்ப்பதற்காக 2024 ஜனவரியில் தமிழக அரசு 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 711 தொழிற்சாலைகள், 8.35 லட்சம் தொழிலாளர்கள் என்று இலக்கு வைத்தார்கள்.

நடைமுறை எளிது. சுகாதாரத் துறைக் குழு ஆலைக்கு வரும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்ப்பார்கள், புற்றுநோய் அறிகுறிகளுக்கான முதல்கட்டப் பரிசோதனையும் உண்டு. பணம் கட்ட வேண்டியதில்லை. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் உறுதிப்படுத்தும் பரிசோதனை, மருந்து, தொடர் கவனிப்பு என்று வழி காட்டுவார்கள். உங்கள் ஆலைக்கு இன்னும் யாரும் வரவில்லை என்றால் மனிதவளப் பிரிவு மூலம் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும். 104 என்ற உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் முதலில் விடுபடுவது அவர்கள்தான்.

முகாமில் மூன்று விதமான ஆட்கள் தெரிய வருவார்கள். சர்க்கரை இல்லாதவர், சர்க்கரை வந்துவிட்டவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் நடுவில் நிற்கிறீர்கள். மருத்துவர்கள் இதை முன்நீரிழிவு என்கிறார்கள், பேச்சில் 'பார்டர்ல இருக்கு'. முகாமில் விரலில் குத்திப் பார்ப்பது பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, ஏதோ ஒரு நேரத்தில். அதில் 140-ஐத் தாண்டினால் ஒருநாள் காலை வெறும் வயிற்றில் மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஒரு எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், 'அன்னைக்கு டீ குடிச்சிருந்தேன்' என்று விட்டுவிடவும் வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 கணக்குப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, பார்டரில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. இரண்டாவது எண்தான் பெரியது. ஆனால் ஆலை முகாமில் சர்க்கரை வந்துவிட்டவருக்கு மாத்திரையும் அட்டையும் கிடைக்கும், பார்டரில் இருப்பவருக்குக் கிடைப்பது 'பாத்துக்கோங்க' என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடக்கூடும். இந்த விளக்கத்தை எழுதுவதே அந்த வார்த்தை போதாது என்பதற்காகத்தான்.

போதாது என்று சொல்ல சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு பார்டரில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்தது. சேவைத் துறை நிறுவனங்களின் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும்தான் இவர்கள். வேலை செய்யும் இடங்களில் அறிவிப்பு வைத்தே ஆட்களைச் சேர்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. எந்த வழிகாட்டுதலும் இல்லாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. நடை, சாப்பாடு இரண்டிலும் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் அது 39.3 சதவீதம். அந்த ஆலோசனையோடு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் கூடுதலாக எந்த நன்மையும் தெரியவில்லை. அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு வேலைக்குப் போகும் 537 ஆண்களைப் பற்றியது. நடை, சாப்பாடு பற்றி செல்போனில் தொடர்ந்து குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தவர்களில் இரண்டாண்டில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி போகாதவர்களில் 27 சதவீதம். கைபேசியில் வரும் சின்னச் செய்திக்கே இவ்வளவு பலன் என்றால், நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கும் இடமே மாறினால் எவ்வளவு கிடைக்கும்!

முகாமுக்குக் காத்திருக்காமல் நீங்களே ஒரு கணக்குப் போடலாம். சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழு உருவாக்கிய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ரத்தமே தேவையில்லை, ஒரு இஞ்ச் டேப் போதும். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குள், பெண்ணுக்கு 80-க்குள் என்றால் 0. அதிலிருந்து அடுத்த 10 செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடலுழைப்பு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38, இடுப்பு 94, நாள் முழுக்க கணினி முன்னால் உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. 20, 10, 30, 10 என்று கூட்டினால் 70. வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. தினமும் நடக்க ஆரம்பித்து இடுப்பு 90-க்குள் வந்தால் 50 ஆகிவிடும். அவர் கையில் இருப்பது இந்த இரண்டு வரிதான்.

கையில் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் மதியச் சாப்பாட்டை அவரா தீர்மானிக்கிறார்? கேன்டீனில் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். காய் என்று கேட்டால் சாம்பாரில் மிதக்கும் நாலு துண்டு. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மெஷின் டீ. பொடியிலேயே சர்க்கரை கலந்திருந்தால் 'சர்க்கரை கம்மியா' என்று கேட்கவே வழியில்லை. நைட் ஷிஃப்டில் மூணு மணிக்கு டீயோடு பன்னோ பிஸ்கட்டோ. வீட்டில் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு உரிமை இருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. அதே பிரிவு கேன்டீன் நிர்வாகக் குழு பற்றியும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருப்பது பற்றியும் பேசுகிறது. கேன்டீன் நடத்தும் செலவில் சில இனங்களைச் சாப்பாட்டு விலையில் ஏற்றாமல் நிர்வாகமே ஏற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கேன்டீனுக்கான வரம்பு 100 தொழிலாளர்கள், அதில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கணக்கு. புதிய விதிகள் முழுமையாக வரும்வரை பழைய சட்டத்தின் தொடர்புடைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. உங்கள் ஆலைக்கு இன்று எது பொருந்தும் என்பதை மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் என்ன கேட்கலாம்? சர்க்கரை தனியாக, டீ தனியாக. நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். தினமும் ஒரு கீரை அல்லது காய் இரண்டு கரண்டி, சோற்றில் அதே அளவு குறைவு. ராத்திரி ஷிஃப்டுக்கு பன்னுக்குப் பதில் அவித்த முட்டையோ பயறோ. இதில் எதுவும் கேன்டீன் ஒப்பந்ததாரரால் செய்ய முடியாத காரியம் இல்லை. கூட்டக் குறிப்பில் எழுத வைத்துவிடுங்கள், வாயால் சொன்னது அடுத்த ஒப்பந்ததாரர் வந்ததும் காணாமல் போய்விடும்.

அப்புறம் இடைவேளை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது அதே 1948 சட்டத்தின் 55-ஆம் பிரிவு. கேன்டீன் வரிசையில் கால் மணி நேரம் போனால் சாப்பிட்ட பின் நடக்க நேரமே மிஞ்சாது. ஆகவே துறைவாரியாகப் பத்து நிமிடம் தள்ளித் தள்ளி இடைவேளை விடச் சொல்வதும் சர்க்கரைத் தடுப்பு வேலைதான். நாள் முழுக்க நின்று பாரம் தூக்குகிறவரிடம் போய் 'வாக்கிங் போங்க' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. சென்னை ஆய்விலும் ஏற்கெனவே கடுமையாக உழைப்பவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். அவர்களுக்கு மாற வேண்டியது தட்டு.

வருடாந்திரப் பரிசோதனைக்கு வருவோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் வருவார்கள், அதில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு தடுப்புப் பரிசோதனை உண்டு. புதிய சட்டத் தொகுப்பும் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு நிறுவனச் செலவில் ஆண்டுப் பரிசோதனை என்று சொல்கிறது. வயது வரம்பு 40 என்பது நம் ஊருக்குத் தாமதம் என்பது என் எண்ணம். ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்று விட்டவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் வயதைப் பார்க்காமல் தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பலர் முகாமுக்குப் போகாமல் ஒதுங்குவது ஊசிக்குப் பயந்து அல்ல, முடிவு மேலாளர் கைக்குப் போய்விடுமோ என்று பயந்து. நிர்வாகத்துக்கு எத்தனை பேருக்குப் பார்த்தார்கள், எத்தனை பேருக்குத் தொடர் கவனிப்பு தேவை என்ற மொத்த எண்ணிக்கை போதும். பெயர்வாரிப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் வரக் கூடாது என்று முகாமுக்கு முன்பே தொழிற்சங்கமோ பணியாளர் குழுவோ எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பத்து, இருபது பேர் வேலை செய்யும் லேத் பட்டறை, தையல் யூனிட், கடை என்றால் இந்தக் கேன்டீன் விதி எதுவும் பொருந்தாது, முகாமும் எளிதில் வராது. அவர்களுக்கு வசதியான வழி நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். காலை 8 முதல் 12 வரை, மறுபடி மாலை 4 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். வேலை முடிந்து போகிற வழியில் சர்க்கரை பார்த்துவிட்டுப் போகலாம். பார்டர் என்று வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே மையத்தில் மறுபடி பாருங்கள்.