ஒரு சுற்றை வெட்டினால் கார் எவ்வளவு இறங்கும்?

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற இடைவெளி. காரைத் தாழ்த்த ஆசைப்படுகிறவர்களின் கண்ணை உறுத்துவது அதுதான். அதைக் காசு செலவில்லாமல் மூட எல்லோரும் சொல்லும் வழி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. ஒரு ஆங்கிள் கிரைண்டரும் அரை நாளும் போதும். வெட்டினால் என்ன ஆகும் என்பதைக் கிரைண்டரை எடுக்கும் முன்பே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முன்சக்கர ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் வசதிக்காக நான் வைத்தவை. கழற்றித் தரையில் வைத்தால் உயரம் 360 மில்லிமீட்டர். வேலை செய்யும் சுற்றுகள் 6, சுற்றுக்குச் சுற்று 55 மி.மீ. இடைவெளி. அதன்மேல் உட்காரும் எடை 300 கிலோ. அந்த எடையில் ஸ்பிரிங் 120 மி.மீ. நசுங்குகிறது, அதாவது சுற்றுக்கு 20 மி.மீ. மேற்கொண்டு ஒவ்வொரு மி.மீ. நசுக்கவும் இரண்டரை கிலோ வேண்டும்.

இப்போது ஒரு சுற்றை வெட்டுகிறோம். கார் 55 மி.மீ. இறங்குமா? இறங்காது. வெட்டிய சுற்று ஏற்கெனவே 20 மி.மீ. நசுங்கித்தான் கிடந்தது, அது காரைத் தூக்கிப் பிடித்திருந்த உயரம் 35 மி.மீ. மட்டுமே. ஆகவே கார் இறங்குவதும் 35 தான். மிச்சமுள்ள 5 சுற்றும் அதே 300 கிலோவில் 100 மி.மீ. நசுங்கும். இனி ஒரு மி.மீ.க்கு மூன்று கிலோ வேண்டும். ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகிவிட்டது.

கம்பி அதே கம்பி, இரும்பும் அதே இரும்பு, அப்புறம் விறைப்பு எங்கிருந்து வந்தது? காயில் ஸ்பிரிங் நசுங்கும்போது அதன் கம்பி வளைவதைவிட முறுக்கிக்கொள்வதுதான் அதிகம். உண்மையில் அது சுருட்டி வைத்த ஒரு நீளக் கம்பி. நீண்ட ரப்பர் குழாயை ஒரு முழுச்சுற்று முறுக்குவது சுலபம். அதிலிருந்து ஒரு சாண் நறுக்கி அதே அளவு முறுக்கப் பாருங்கள், கை வலிக்கும். இதே காரணத்தால் கம்பியின் தடிமனும் பெரிய வித்தியாசம் செய்யும். விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 13 மி.மீ. கம்பியில் சுற்றினால் சுமார் 38 சதவீதம் கூடுகிறது.

விறைப்பானால் நல்லதுதானே, வளைவில் கார் சாயாதே என்று தோன்றும். இங்கேதான் நாம் மூட நினைத்த இடைவெளி கணக்கில் வருகிறது. அது சும்மா கிடந்த காலியிடம் இல்லை, பள்ளம் மேட்டில் சக்கரம் மேலேறி வருவதற்கான இடம். பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர்க் கட்டையை இடிக்கும்வரை 80 மி.மீ. இருந்தது என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் பழைய ஸ்பிரிங் கூடுதலாக 200 கிலோ விசையைத் தாங்கியிருக்கும். இப்போது இருப்பது 45 மி.மீ., விறைப்பு மூன்று கிலோ, பெருக்கினால் 135. விறைப்பான ஸ்பிரிங்தான், இருந்தும் முன்பைவிடச் சீக்கிரம் கட்டையில் இடிக்கிறது. பழைய 200-ஐ இந்த 45 மி.மீ.க்குள் தாங்க வேண்டுமானால் மி.மீ.க்கு நாலரை கிலோ அளவுக்கு விறைப்பு தேவை. தாழ்த்துவதற்கென்றே செய்து விற்கும் ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். பலர் நினைப்பதுபோல் ரேஸ் ஆசை அல்ல.

இன்னொரு பக்கம் ஜாக்கி போட்டால் தெரியும். காரைத் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துத் தாங்கும் தூண்) முழுதாக நீளும். அப்போது ஸ்பிரிங் உட்காரும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே 330 மி.மீ. என்று கொள்ளுங்கள். 360 உயர ஸ்பிரிங் அதில் இறுக்கமாக இருந்தது. வெட்டிய ஸ்பிரிங்கின் உயரம் 305, இப்போது 25 மி.மீ. ஆட்டம். சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் தொங்கி ஏறும்போது, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி வேறு கோணத்தில் போய் உட்காரலாம். "டங்" என்ற சத்தம் கேட்டால் இதையும் சந்தேகிக்க வேண்டும். பன்றிவால் மாதிரி நுனி சுருங்கி முடியும் ஸ்பிரிங்கென்றால் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை, வெட்டிய நுனி தட்டில் பொருந்தாது.

கேஸ் டார்ச்சால் சூடு காட்டி இறக்கும் பழக்கமும் உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றக்கூட வேண்டாம், சிவக்கச் சூடாக்கினால் கார் தானாக இறங்கும். இதைவிட மோசமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சூடு காட்டினால் இரும்பு மெத்தென்று ஆகிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆறியபின் அதன் விறைப்பு அநேகமாக மாறுவதில்லை. போவது பதம். ஸ்பிரிங் இரும்பைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது, எவ்வளவு முறுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பட்டும் என்பதற்காக. டார்ச் பட்ட இடத்தில் அந்தக் குணம் போய்விடும். முறுக்கினது முறுக்கினபடி நிற்கும், வாரம் போகப் போகக் கார் இன்னும் இறங்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்காது. போதாக்குறைக்குச் சூட்டில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். படிந்த சுற்று வேலை செய்யாது, விறைப்பு கண்டபடி எகிறும்.

தாழ்த்திய நண்பர் ஒருவரின் காரில் டயரை வெளியிலிருந்து பார்த்தால் புதுசு, பள்ளக் கோடுகள் ஆழமாக இருந்தன. சக்கரத்தைக் கழற்றித் திருப்பினால் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. காரணம் ஸ்பிரிங் இல்லை, கார் இறங்கியதால் மாறிப்போன சக்கரக் கோணங்கள். கார் தாழும்போது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை ஒரு வட்டப்பாதையில் மேலேறுகிறது, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தடி வேறொரு வட்டப்பாதையில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும். இதுதான் டோ. சக்கரத்தின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். பழியெல்லாம் கேம்பர்மேல் விழும். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான், ஏனென்றால் அது டயரை உருளும்போதே பக்கவாட்டில் தேய்க்கிறது.

இன்னொரு வேடிக்கை. மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் (மேல்கை இல்லாமல் ஸ்ட்ரட்டே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள காரில் ரொம்பத் தாழ்த்தினால், எடை மையம் இறங்குவதைவிட வேகமாக, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இறங்கிவிடும். அந்தப் புள்ளிக்கும் எடை மையத்துக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது நெம்புகோலின் நீளம், கூடுகிறது, ஸ்பிரிங் ஈடுகட்டாவிட்டால் தாழ்த்திய கார் முன்பைவிட அதிகம் சாயும்.

வெட்டாமலே இறக்கவும் வழி தேடியிருக்கிறார்கள். 1940-களில் லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல்மூட்டை போட்டுக் காரைத் தாழ்த்தினார்கள். நம் ஸ்பிரிங்கில் பின்பக்கம் இரண்டு இருந்தால், 150 கிலோ மணலுக்கு 30 மி.மீ. இறங்கும். ஸ்பிரிங் அதே விறைப்பு, எடை அதிகம், எனவே ஆட்டம் மெதுவாகிறது. மெதுவாக ஊர்ந்து போக விரும்பியவர்களுக்கு அது பொருத்தம்தான். பிரேக்குக்கு மட்டும் பாவம்.

டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும் நேர்த் தண்டு) உள்ள பழைய கார்களுக்கு வாய்த்தது அதைவிட அழகு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்பக்கத் தண்டில் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் ஒரு பக்கம் நகர்த்தினால் 9 பாகை, வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சுமார் 8.2 பாகை. வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமாகக் காரை ஏற்றலாம், இறக்கலாம், விறைப்பு துளியும் மாறாது. செலவு உழைப்பு மட்டுமே. ஆனாலும் சக்கரம் மேலேறும் இடம் இதிலும் குறையத்தான் செய்யும்.

குறைந்த காசில் செய்தே தீருவேன் என்றால், என் கணக்கு இது: 30 மி.மீ.க்குள் இறக்கும் ஆயத்த ஸ்பிரிங் செட், அதற்கேற்ற குட்டையான பம்ப் ஸ்டாப், கடைசியில் வீல் அலைன்மென்ட் (டோ, கேம்பர் கோணங்களைச் சரிசெய்வது). மூன்றாவதை மிச்சம் பிடித்தால் இரண்டு டயர் விலையாகத் திரும்பி வரும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மலிவு விலைக் காயில்ஓவரைவிட (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரம் மாற்றக்கூடிய செட்) நல்ல ஷாக் மேல். ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் ஸ்ட்ரட்டின் மேல்நட்டைத் தளர்த்தவே கூடாது. முழுதாக நீண்ட நிலையிலும் நம் கணக்கின் வெட்டாத ஸ்பிரிங் 30 மி.மீ. நசுங்கி, 75 கிலோ விசையோடு நட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

காசே ஆகாத, பலர் மறக்கிற வேலை ஒன்று உண்டு. கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கி இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும், கார் தரையில் நின்றதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் கிழியும். போல்ட்டுகளை லேசாக விட்டுக் காரை இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள்.